வீட்டு லென்ஸில் எடுத்த அப்பா

எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவன் எல்லாவற்றுக்கும் தயாராக இருப்பான் என்று பலர் நம்புகிறார்கள். அது சுத்தப் பொய். அவன் நடக்காத விஷயங்களுக்கு மட்டும்தான் தயாராக இருப்பான். நான் வெளியே கிளம்பினால் கையில் குடை இருக்கும், வானத்தில் மழை இருக்காது. குடையை வைத்துவிட்டுப் போகலாமே என்பீர்கள். (போயிருக்கிறேன். அன்றைக்கு நாய் துரத்தியது. குடை இருந்திருந்தால் விரட்டியிருக்கலாம்.)

இப்படிப்பட்ட ஒருவனை நம்பித்தான் என் தங்கை சாந்தியின் கல்யாணப் படங்களை ஒப்படைத்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில், கிள்ளான் கோயில் மண்டபம் ஒன்றில் நடந்த கதை இது.

என் படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றுபோனது. பரீட்சையில் தோற்றேன் என்று சொல்ல முடியாது. பரீட்சைக்குப் போகிற வழியிலேயே பயந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு சீனர் நடத்திய போட்டோ கடையில் வேலை. ஐ.சி. என்கிற அடையாள அட்டைக்கான படம், பாஸ்போர்ட் படம் எடுப்பது என் பொறுப்பு. கேமரா ஸ்டாண்டில் பூட்டியிருக்கும். நாற்காலியின் கால்கள் எங்கே இருக்க வேண்டும் என்று தரையில் பெயின்ட் அடித்திருக்கும். "காது தெரியணும் அக்கா" என்று சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்துவதுதான் மொத்த வித்தை. ஆனால் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் எனக்குப் பெயர் 'போட்டோகிராபர்'. நானும் மறுக்கவில்லை. பரீட்சைக்குப் போகாதவனுக்கு ஒரு பட்டம் சும்மா கிடைத்தால் விடுவானா.

அப்பா ரயில்வே பட்டறையில் இரும்பு தூக்கியவர். தோள் அப்படி. எங்கள் குவார்ட்டர்ஸ் கதவில் நேராக நுழைய மாட்டார், கொஞ்சம் சாய்ந்துதான் உள்ளே வருவார். அந்த மனிதருக்கு வயிற்றில் நோய் வந்தது. டாக்டர் எங்களிடம் ஒன்று சொன்னார், நாங்கள் அப்பாவிடம் வேறொன்று சொன்னோம், அப்பா எங்களை நம்பியதாகக் காட்டிக்கொண்டார். சில மாதங்களில் அவர் கதவில் நேராக நுழைய ஆரம்பித்தார். அவருடைய சட்டை, அவரை உள்ளே வைத்துக்கொண்டே வேறு யாருக்காகவோ காத்திருப்பது போலத் தொங்கியது.

சாந்திக்குக் கிள்ளானில் ஏற்கனவே பேசி முடித்திருந்தது. ஆவணியில் என்று இருந்த கல்யாணத்தை அப்பா தையிலேயே வைக்கச் சொன்னார். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "தையில மழை இருக்காது" என்று அப்பா சொன்னார். "ஆமா, மழை இருக்காது" என்று அம்மாவும் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டாரிடம், அவருக்கு வயிற்றில் புண், பத்தியத்தில் இளைத்துவிட்டார் என்று சொல்லி வைத்தோம்.

தை மாதம் என்றால் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் வேறு வேறு மண்டபங்களுக்குப் பேசப்பட்டுவிடுவார்கள். ஒருவரும் கிடைக்கவில்லை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வீட்டுலயே ஒருத்தன் இருக்கான்ல."

"நான் காது தெரியிற படம்தான்மா எடுப்பேன்."

"கல்யாணத்துலயும் எல்லாருக்கும் காது இருக்கும்லா" என்றாள் அம்மா. பேச்சு முடிந்தது.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். ஜன்னல் ஓரம் நாற்காலியில் இருந்தார்.

"டேய், என் ஐ.சி. படம் இருக்குல்ல. நாளைக்கு அதைப் பெருசாக்கி மாட்டிடாதீங்க. அதுல நான் திருடன் மாதிரி இருக்கேன்."

(அதை எடுத்தது நான்தான்.)

"ஏம்பா இப்படிப் பேசுறீங்க?"

"கல்யாணத்தன்னிக்கு நல்லா உடுத்தியிருப்பேன். எனக்கு மட்டும் ஒரு படம் எடுத்துடு. பழைய மாதிரி."

"பழைய மாதிரின்னா?"

கொஞ்சம் யோசித்தார். "ஆள் மாதிரி" என்றார்.

அன்று தொடங்கியது என் கவலை. அதுவரை நான் பட்டதெல்லாம் ஒத்திகை.

மறுநாள் கடையில் தௌக்கேயிடம், அதாவது எங்கள் சீன முதலாளியிடம், கேமரா இரவல் கேட்டேன். அவர் நல்ல மனிதர். மலாயும் தமிழும் கலந்து பேசுவார். ஒரு ஜப்பான் கேமராவை எடுத்து மேசையில் வைத்தார். அதில் குட்டையாக, முன்பக்கம் தவளைக் கண் மாதிரி புடைத்த ஒரு லென்ஸ் இருந்தது. சுபாங் ஜெயாவில் புதிதாகக் கட்டி விற்கிற வீடுகளை விளம்பரத்துக்குப் படம் எடுக்க அவர் வைத்திருந்தது அது. நான் பார்த்திருக்கிறேன். நாலு பேர் படுத்தால் கதவைச் சாத்த முடியாத அறை, அந்த லென்ஸில் பந்து விளையாடலாம் போலத் தெரியும்.

"இது வீட்டு லென்ஸ்" என்றார். "ஆளுக்கு இல்ல. ஆள்கிட்ட கொண்டு போனா மூக்கு முன்னால வரும், காது பின்னால போகும். ஆள் கெட்டுப் போச்சு."

"அப்ப ஆளுக்கு?"

"நீட்டு லென்ஸ். தூரம் நில்லு, ஆள் மட்டும் பக்கத்துல வரும். மூஞ்சி இருக்கிற மாதிரி இருக்கும். பின்னால உள்ளது எல்லாம் புகை மாதிரி. என்கிட்ட இப்ப இல்லலா. நீ எங்கயாவது தேடு."

தேடினேன். பந்திங்கில் ஸ்டூடியோ வைத்திருந்த மணி என் கூட்டாளி. பஸ் பிடித்துப் போய்க் கேட்டேன். அவன் தன்னுடைய நீட்டு லென்ஸைத் தோலுறையோடு கொடுத்தான். குழந்தையைத் தூக்குவது போல மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்று தௌக்கே ஒருமுறை சொல்லியிருந்தார். அதனால் பிஸ்கட் டின் ஒன்றில் பச்சரிசியை நிரப்பி, லென்ஸைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசிக்குள் புதைத்தேன். (அம்மா அதைப் பொங்கப் போட இருந்தாள். உலை கொதிக்கும்போது காப்பாற்றினேன்.) வெளியே எடுத்தால் தூசு போகும் என்று பயந்து கல்யாண நாள்வரை அதைத் தொடவே இல்லை. கூடுதலாக பேட்டரி வாங்கினேன். கூடுதலாக பிலிம் வாங்கினேன். கரண்டு போனால் என்று ஒரு டார்ச், மண்டபத்தில் தண்ணீர் புகுந்தால் என்று ஒரு ரப்பர் ஷீட். கேமரா திருடு போனால் என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். கேமராவையும் லென்ஸையும் ஒருமுறை சேர்த்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

முகூர்த்தத்துக்கு முன்னால், மண்டபத்தின் பின்பக்கத்தில், வாழை இலைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து தௌக்கேயின் கேமராவிலிருந்து வீட்டு லென்ஸைக் கழற்றினேன். கால் வட்டம் சுற்றியதும் டக்கென்று வந்துவிட்டது. மணியின் லென்ஸை வைத்தேன். உட்காரவில்லை. இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். கேமராவின் வாயில் மூன்று பற்கள் இருந்தன. மணியின் லென்ஸில் பல்லே இல்லை, போத்தல் மூடி மாதிரி சுற்றிச் சுற்றிப் புரி வெட்டியிருந்தது. ஒன்று கடிக்கிற ஜாதி, மற்றது திருகுகிற ஜாதி. இரண்டுக்கும் ஜென்மத்தில் சம்பந்தம் கிடையாது.

மிளகாய் அரைத்துப் பூசியது போல் எனக்கு முகம் எரிந்தது. இலை நறுக்கிக்கொண்டிருந்த ஒருவர், "என்னா தம்பி, மூடி மாறிப்போச்சா?" என்றார். அவ்வளவுதான் அந்த விஷயம். மூடி மாறிப்போச்சு.

(பிறகு மணியிடம் அழாத குறையாகச் சொன்னபோது, "லென்ஸ் வேணும்னு கேட்ட. என்ன கேமராவுக்குன்னு நீயும் சொல்லல, நானும் கேட்கல" என்றான். நான்தான் பயந்தவன் என்றால் அவனாவது கேட்டிருக்கலாம்.)

வேறு வழியில்லை. வீடு விற்கிற லென்ஸை மாட்டிக்கொண்டு தங்கை கல்யாணத்தை எடுக்கப் போனேன்.

அந்த லென்ஸில் எட்டி நின்றால் ஆட்கள் எறும்பு மாதிரி தெரிவார்கள், மண்டபத்தின் கூரைதான் பிரமாதமாக விழும். ஆட்கள் தெரிய வேண்டும் என்றால் மூக்கோடு மூக்கு போக வேண்டும். போனேன். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு, "தம்பி, இன்னும் கிட்ட வந்தா நீங்களே வாசிச்சிடலாம்" என்றார். ஓமகுண்டத்துக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நான் குந்தி உட்கார்ந்ததைப் பார்த்து ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டுக் கேட்டார்: "தாலி உங்களுக்கா, பொண்ணுக்கா?" சபை சிரித்தது. சாந்தி தலையைக் குனிந்திருந்தாள். வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் அப்பாவை வாசல் வாழை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சந்தனக் கலர் ஜிப்பா போட்டிருந்தார். சீப்பைத் தண்ணீரில் நனைத்துத் தலையை வாரிக்கொண்டார். நான் கிட்டே போனேன். இன்னும் கிட்டே போனேன்.

"எவ்ளோ கிட்டடா? முத்தம் கொடுக்கப் போறியா?"

"இந்த லென்ஸ் அப்படித்தான்பா."

அவர் நிமிர்ந்து நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். கொஞ்ச நேரத்துக்கு அந்த ஜிப்பாவுக்குள் யாரோ இருந்தார்கள். நான் கோணம் பார்த்து, தூரம் பார்த்து, மறுபடி கோணம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்துட்டியா?"

"இன்னும் இல்லப்பா. மூச்சை விட்டுட்டு நில்லுங்க."

"சீக்கிரம் எடு. விட்டா சட்டை தொங்கிடும்."

எடுத்தேன். எடுக்கும்போதே தெரிந்தது. கண்ணாடி வழியாகவே அந்த மூக்கு முன்னால் வந்து நின்றது.

கடைசியாகக் குடும்பப் படம். பெண்ணைப் பெற்றவர் மணமக்கள் பக்கத்தில் நடுவில் உட்காருவதுதான் வழக்கம். அப்பா மாட்டேன் என்றுவிட்டார். "சம்பந்தி வீட்டுக்காரங்க நடுவுல இருக்கட்டும். நான் நிக்கிறேன்" என்று இடது பக்கக் கோடிக்குப் போய் நின்றுகொண்டார். நடுவில் இருந்தால் எல்லாரும் தன்னைப் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. மாப்பிள்ளையின் அம்மாவும் நடுவில் நிற்கவில்லை. வலது பக்கக் கோடியில்தான் மின்சாரக் காற்றாடி ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். பட்டுச் சேலையில் வெந்துபோயிருந்த அந்த அம்மாள் அங்கே போய் நின்றுகொண்டார்.

அப்பாவுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரிய மாமா. லோரி வைத்து ஓட்டுகிறவர். காலமெல்லாம் லோரி ஜன்னலில் முழங்கையை நீட்டியே ஓட்டியவருக்குக் கையைத் தொங்கப் போட்டு நிற்கத் தெரியாது. இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டார். ஒரு முழங்கை அப்பாவின் நெஞ்சுக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் படத்துக்குள் அடங்க வேண்டுமே என்று அவரே, மற்றக் கையால், எனக்கு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்வது போலக் காட்டினார்.

"கோஸ்தான், கோஸ்தான். இன்னும் கோஸ்தான். நிப்பாட்டு, பின்னால செவரு."

பின்னால் போக இடமில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை படத்தில் ஒரு விரல் இடம் மிச்சமில்லை. அப்படியே அழுத்தினேன்.

படங்கள் கழுவி வந்த அன்று கடையின் கவுன்டருக்குக் கீழே உட்கார்ந்துதான் பிரித்துப் பார்த்தேன். வாடிக்கையாளர் யாரோ, "பாஸ், ஆள் இல்லையா?" என்று கேட்டது காதில் விழுந்தது. இல்லை என்று நானே பதில் சொன்னேன்.

தாலி கட்டுகிற படத்தில் மாப்பிள்ளையின் கை முறம் அளவுக்கு இருந்தது, தங்கையின் தலை எலுமிச்சம்பழம் அளவுக்கு. நாதஸ்வரத்தின் வாய் ஒரு கிணறு. கிணற்றுக்கு அப்பால், தூரக் கரையில், ஒரு சின்ன மனிதர் கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தார். ஐயருக்கு வயிறு மட்டும்தான் இருந்தது.

அப்பாவின் படம் அடுத்து வந்தது. மூக்கு இருந்தது. கண்கள் பெரிதாக, பயந்துபோய் இருந்தன. கன்னம் இருந்த இடத்தில் இரண்டு குழிகள். காதுகள் எங்கோ பின்னால் போய்விட்டன. அவ்வளவு மூச்சை இழுத்து நின்றாரே, அந்த நெஞ்சு சட்டைப் பொத்தானுக்குக் கீழே கூம்பிப் போயிருந்தது. ஆள் மாதிரி என்று கேட்டவருக்கு நான் எடுத்துக் கொடுத்தது இதுதான். அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அப்புறம் கவுன்டருக்குக் கீழேயே கொஞ்ச நேரம் இருந்தேன்.

கடைசியில் குடும்பப் படம் இருந்தது. அதை வேண்டாவெறுப்பாகத்தான் எடுத்தேன். நடுவில் இருந்தவர்கள் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். அந்த லென்ஸ் நடுவில் இருப்பவர்களை ஒன்றும் செய்வதில்லை. ஓரத்துக்குப் போகப் போகத்தான் ரப்பரைப் பிடித்து இழுப்பது போல அகலத்தில் இழுக்கிறது. சின்ன அறையின் சுவர்களை இழுத்துப் பெரிய அறையாக்குகிற அதே வேலை.

இடது கோடியில் அப்பா நின்றார். தோள் இருந்தது. ஜிப்பாவை நிறைத்துக்கொண்டு, முன்பு கதவில் சாய்ந்து நுழைந்த அந்தத் தோள். கன்னத்தில் குழி நிரம்பியிருந்தது. தூரத்தில் நின்றதால் மூக்கு தன் இடத்தில் இருந்தது. யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற நிம்மதியில் லேசாகச் சிரித்துக்கூட இருந்தார்.

ஓடினேன். கடையைத் தௌக்கே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஓடினேன்.

அப்பா படுக்கையில் சாய்ந்து அந்தப் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். நடுவில் மணமக்களைப் பார்த்தார். மெதுவாக விரலை இடது பக்கம் நகர்த்தினார்.

"யாருடா இது?"

"நீங்கதான்பா."

"போடா."

"ஜிப்பாவைப் பாருங்க."

பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார், ஒருவேளை படம்தான் சரியோ என்பது போல. அது எலும்பாகவே இருந்தது. படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

"இதுதான்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

என் கெட்ட நேரம், ஒரு லென்ஸுக்கு இரண்டு ஓரம் உண்டு. வலது கோடியில் காற்றாடிக்குப் பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மாளையும் அது இழுத்திருந்தது. அவர் ஏற்கனவே பூசினாற்போல இருப்பவர். படத்தில் அவரும் காற்றாடியும் சேர்ந்து ஒரு சோபா மாதிரி இருந்தார்கள். மாப்பிள்ளை ஆசையாகக் கடைக்கு வந்து ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போய்விட்டார். சில நாள் கழித்துக் கிள்ளானிலிருந்து சாந்தி கடைக்கு போன் செய்தாள்.

"அண்ணே, அத்தை என்கிட்ட பேச மாட்டேங்குறாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'உங்கண்ணன் என்னை லோரி டயர் மாதிரி எடுத்துட்டான், வேணும்னே எடுத்துட்டான்'னு சொன்னாங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வராங்களாம். அந்த நெகட்டிவைத் தன் கண்ணு முன்னால வெட்டணுமாம்."

அந்த நெகட்டிவில் ஒரு பக்கம் என் தங்கையின் குடித்தனம், மறுபக்கம் என் அப்பாவின் தோள். நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் சம்பந்தியம்மாள் கேட்டது பாதி இல்லை. முழு நெகட்டிவும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் வந்தார். கைப்பையில் சொந்தமாகக் கத்தரிக்கோல் கொண்டு வந்திருந்தார். (எங்கள் வீட்டில் இருக்காது என்று நினைத்தாரோ, ஒளித்துவிடுவோம் என்று நினைத்தாரோ.) பின்னாலேயே மாப்பிள்ளையும் சாந்தியும். "பசியாறிட்டீங்களா?" என்று அம்மா கேட்டதற்குக்கூட, "ஆச்சு ஆச்சு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே வந்தவர், படுக்கையில் இருந்த அப்பாவைப் பார்த்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவுக்கு நோய் மளமளவென்று முற்றியிருந்தது. வயிற்றுப் புண் என்று நாங்கள் சொல்லி வைத்த பொய் அந்தக் கட்டிலில் கிடக்கவில்லை.

அந்த அம்மாள் சாந்தியைத் திரும்பிப் பார்த்தார். சாந்தி அழுதுகொண்டிருந்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. தை மாதம் ஏன் என்பது உட்பட எல்லாம் புரிந்திருக்கும். நாங்கள் மறைத்ததற்கு அவர் கேட்டிருக்கலாம். நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"எப்படிண்ணே இருக்கீங்க?"

அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. தலையணைக்கு அடியில் கையை விட்டுப் படத்தை எடுத்தார். சந்தோஷமாக நீட்டினார்.

"பையன் எடுத்ததைப் பார்த்தீங்களா, சம்பந்தி? அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான். நடுவுல புள்ளைங்க. ரெண்டு தூணு நட்ட மாதிரி இல்ல?"

அந்த அம்மாள் படத்தை வாங்கிப் பார்த்தார். தன்னை ஒருமுறை. அப்பாவை ஒருமுறை. கட்டிலில் இருந்தவரை ஒருமுறை.

"ஆமாண்ணே. ரெண்டு தூணுதான்" என்றார்.

பிறகு தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்கு வந்தார். நான் நெகட்டிவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"வெட்டிட்டியா?"

"இல்ல அத்தை. இந்தாங்க."

"வெட்டாத. பத்திரமா வை." கண்ணைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "நான் டயராவே இருந்துட்டுப் போறேன்." வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "ஆனா எனக்குன்னு தனியா ஒண்ணு எடுத்துக் கொடுக்கணும். ஒல்லியா."

"இந்த லென்ஸ்ல முடியாது அத்தை."

"வேற லென்ஸ் வாங்குலா" என்றார். கத்தரிக்கோலை எங்கள் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார்.

மாசி பிறந்து கொஞ்ச நாளில் அப்பா போய்விட்டார்.

அந்தப் படத்திலிருந்து அப்பாவை மட்டும் பெரிதாக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் கவனித்தேன், லோரி மாமாவின் முழங்கை. அது அப்பாவின் நெஞ்சின்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. அதை வெட்டினால் அப்பாவின் ஒரு பக்கத் தோள் போகும். கிடைத்த தோளை விட எனக்கு மனம் வரவில்லை. முழங்கையோடு பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை போட்டு வைத்தேன். துக்கத்துக்கு வந்தவர்கள் படத்தைப் பார்த்து, "நல்லாத்தானே இருந்தாரு" என்றார்கள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு லோரி மாமா வந்தார். விழுந்து கும்பிட்டார். எழுந்து படத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இது என் கை."

சட்டத்துக்குக் கிட்டே போய் விரலால் தொட்டுக் காட்டினார்.

"மாலை போட்டிருக்கீங்க. பொட்டு வச்சிருக்கீங்க. ஆள் நான் உசுரோட நிக்கிறேன்லா. கையை மட்டும் முன்னாலயே அனுப்பிட்டீங்களாப்பா?"

பதினாறு நாளாக அழுதுகொண்டிருந்த அம்மா, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அழுதாள். எது எங்கே முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அப்பா படத்துக்கு மாலை நேராக விழாது. முழங்கைமேல் படாதபடி ஒரு பக்கமாக ஒதுக்கித்தான் போட வேண்டும். லோரி மாமாவுக்கு அந்தக் கையில் சுளுக்குப் பிடித்தாலும் கொசு கடித்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் போன் வரும்: "மாலை சரிஞ்சிருக்கா பாருப்பா." நான் போய்ப் பார்ப்பேன். ஒன்றிரண்டு முறை நிஜமாகவே சரிந்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் குவார்ட்டர்ஸை விட்டு ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு வீட்டுக்கு வந்தோம். இதற்குள் நான் நீட்டு லென்ஸ் சொந்தமாக வாங்கி, சம்பந்தியம்மாளை ஒல்லியாக எடுத்துக் கொடுத்து, கல்யாணங்களுக்குப் போகிற போட்டோகிராபராகவே ஆகிவிட்டேன். (இப்போதும் கல்யாணத்துக்கு முந்தின நாள் இரண்டு தடவை லென்ஸை மாட்டிப் பார்ப்பேன். காலையில் ஒரு தடவை. வண்டியில் ஒரு தடவை.) நீட்டு லென்ஸ் எவ்வளவு நேர்மையானது என்பது எனக்கு இப்போது தெரியும். கல்யாணத்தன்று அது மட்டும் பொருந்தியிருந்தால், அப்பாவின் ஒவ்வொரு எலும்பையும் தெளிவாக எடுத்திருப்பேன்.

புது வீட்டில் அப்பா படத்தை ஹாலில் மாட்டினேன். அம்மா எப்போதும் சமையலறை வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்துதான் காய் நறுக்குவாள். ஹாலில் காற்றாடி இருக்கிறது, வா என்றால் வர மாட்டாள். ஒருநாள் அவளுக்குத் தேங்காய் துருவிக் கொடுக்க நானும் அங்கே உட்கார்ந்தேன். தற்செயலாகத் தலையைத் தூக்கினேன்.

அங்கிருந்து பார்த்தால் படம் பக்கவாட்டில் சாய்வாகத் தெரியும். லென்ஸ் இழுத்துக் கொடுத்த அகலத்தை அந்தச் சாய்வு திருப்பி எடுத்துக்கொண்டது. சட்டத்துக்குள் அப்பா மெலிந்து நின்றார். கன்னத்தில் குழி இருந்தது. ஜிப்பா தொங்கியது. அன்றைக்கு மண்டபத்தில் அந்தக் கோடியில் நின்ற அதே மனிதர்.

"அம்மா, இங்கருந்து பார்த்தா..."

அம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும். அதுக்குத்தானே இங்க உக்காருறேன்" என்றாள். "அங்க முன்னால போய் நின்னா என்னைக் கட்டிக்கிட்டவரு. இங்கருந்து பார்த்தா நான் கஞ்சி ஊட்டுனவரு. ரெண்டு பேரும் வேணும்ல."

நான் தேங்காயையே துருவிக்கொண்டிருந்தேன்.

"லோரிக்காரர் கையும் இங்கருந்து பார்த்தா எளைச்சுத்தான் தெரியுது" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "அவருகிட்ட சொல்லிடாத. நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுவாரு."

நான் சொல்லவில்லை. சாந்தி சொல்லிவிட்டாள். அதிலிருந்து லோரி மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. படத்துக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பலகையில் இப்போது நான் உட்காருகிறேன்.

"கை எப்படிப்பா இருக்கு?" என்று அங்கிருந்தே கேட்பார்.

"கொழுகொழுன்னு இருக்கு மாமா" என்பேன்.

எனக்கு இங்கிருந்து தெரிவது வேறு.